சொல்லி விடுகிற போன்கள்

டவர் இல்லாத இடத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குச் சேதி அனுப்ப எத்தனை வழி உண்டு என்று தயவுசெய்து என்னிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் தப்பிப் போனதில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, ஓர் அத்தை புளூடூத்துக்கும் வைஃபை டைரக்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரசம் சோறு வரைக்கும் கேட்டார். மோர் வந்ததும் எழுந்து போய்விட்டார். எதிர்வரிசையிலிருந்து என் அக்கா, "அடியே, அவங்கள சாப்பிட விடுடி" என்று சத்தம் போட்டாள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அவளால்தான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள்.

நான் போடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போன் ஆப் எழுதிக் கொடுக்கிறவள். அக்கா ஜீப்பு ஓட்டுகிறவள். அத்தானுக்கு இடுப்பில் டிஸ்க் நழுவி, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசினார்கள். அக்கா எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கு அப்புறம் விற்கிற பேச்சே எழவில்லை. காலையில் சிலமலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஏற்றி, முந்தல் வழியாக மலை ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இறக்கிவிடுவாள். பகலில் கீழே வந்து மெட்டுக் கடைகளுக்குச் சரக்கு லோடு அடிப்பாள். சாயங்காலம் ஏறிப் போய் ஆட்களைக் கூட்டி வருவாள். கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்புகிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சமைக்கிறபோது அந்த முகம் ஒருநாளும் வந்ததில்லை.

சிக்கல் சாயங்கால டிரிப்பில்தான். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். பெண்கள் பறித்த காயை அங்கே எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஏறி, ஜீப்பு ரோட்டில் ஒரு பலாமரத்தடியில் வந்து காத்து நிற்பார்கள். ஸ்டோரிலும் டவர் கிடையாது, மரத்தடியிலும் கிடையாது. ஜீப்பு நேரத்துக்கு வந்துவிட்டால் ஒன்றுமில்லை. வராவிட்டால் மழையிலும் மூட்டத்திலும் அட்டைக்கடியோடு நிற்க வேண்டியதுதான். பலாவுக்கு ஆனை வரும் என்பதும் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜீப்பு லேட்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் ஸ்டோருக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு சேதி போகத்தான் வழி இல்லை.

அப்படி ஒரு மழைநாளில் அக்காவின் வண்டி முந்தலில் பஞ்சராகி நின்றது. பின்னால் ஒரு பச்சை ஜீப்பு வந்தது. அதன் டிரைவர் அண்ணன் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர். அக்காவின் டிரிப்பு மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று அக்கா அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, கூட ரெண்டு வளைவு போயி எங்க ஆளுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. லேட்டாகும், ஸ்டோர்லயே இருக்கச் சொல்லுங்க."

"அதுக்கென்ன தங்கச்சி, சொல்லிட்டாப் போச்சு" என்று போனவர், தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டார். அக்கா போய்ச் சேர்ந்தபோது பெண்கள் நனைந்த கோழிகளாக மரத்தடியில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கேட்டதற்கு, "மறந்துபோச்சு தங்கச்சி" என்றார். மறந்தாரா, மறைத்தாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

எஸ்டேட் சூப்பர்வைசர் மலையாளி. நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். "இனி ஒரு திவசம் ஆளுங்க ரோட்டுல நின்னா, உங்க டிரிப்பு கட். பச்ச ஜீப்பு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் பாஷையில் திவசம் என்றால் நாள். நமக்கு அது செத்தவர்களுக்குச் செய்கிற காரியம்.

"திவசம்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுடி" என்று அக்கா வீட்டுக்கு வந்து சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு தம்ளரில் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த டிரிப்பு போச்சுன்னா வண்டி வாசல்ல நிக்கும். நான் அடுப்படியில நிப்பேன்" என்றாள். அப்புறம் என் லேப்டாப்பைப் பார்த்தாள். "நாள் பூராவும் அந்தப் பொட்டியத் தட்டிக்கிட்டே இருக்கியே, டவரு இல்லாம போனுக்குப் போனு ஒரு வார்த்த போகாதாடி?"

"போகும்!" என்று கத்தினேன். எப்படிப் போகும் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் உள்ளங்கை குறுகுறுத்தது. கம்பெனிக்காக நான் எழுதுகிற ஆப்பை யார் பயன்படுத்துகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இதைப் பயன்படுத்தப் போகிறவள் என் எதிரே ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

முதலில் எடுத்தது வைஃபை டைரக்ட். பெயரிலேயே ஒரு மிடுக்கு. நடுவில் ரவுட்டர் எதுவும் வேண்டாம், போனும் போனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், வேகம் அதிகம், தூரமும் போகும். மொட்டை மாடியில் ஒரு போனை வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினேன். சேதி வந்து விழுந்தது! மாவு மில்லுக்கார அண்ணன், "என்னத்தா ஓடுற, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டார். "கண்டுபிடிச்சிட்டேண்ணே!" என்றேன். அன்றைக்கு நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மலையில் போட்டுப் பார்த்த முதல் நாளே மிதப்பு இறங்கிவிட்டது. ஒரு போன் இன்னொரு போனைக் கூப்பிட்டதும், இணையச் சம்மதமா என்று திரையில் ஒரு கட்டம் வந்து கேட்கும். பெண்கள் ஒருத்தர் விடாமல் வேண்டாம் என்று அமுக்கினார்கள். "தெரியாத எதுலயும் சரின்னு அமுக்காத, பேங்குல கெடக்குறது போயிரும்னு எம்மகன் சொல்லிருக்கான்" என்றார் அவர்களில் மூத்த அம்மா. மகன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடவும் எனக்கு அதிகாரம் இல்லை, அது போனே கேட்கிற கேள்வி. அது போதாதென்று, இணைகிற போன்களில் ஒன்று தலைவராகிவிடும். தலைவர் கொஞ்சம் தள்ளிப் போனால் மொத்தக் கூட்டமும் கலைந்துவிடும். எங்கள் பக்கத்துக் கட்சிகளை நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே இலை. ஏலச்செடி ஆளை விட உயரம். மழையில் நனைந்து நிற்கிறபோது ஒவ்வொரு இலையும் தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கும். இந்த அலைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. தெருக்கோடி வரை ஓடிய சேதி, தோட்டத்தில் சில வரிசைச் செடிகளைத் தாண்டவே மூச்சு வாங்கியது.

சரி என்று ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவினேன். ஒரு போன் வைஃபை கொடுக்கும், மற்றவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய போன்கள், இதில் இண்டர்நெட் இல்லையே என்று கொஞ்ச நேரத்தில் தாமாகவே கழன்றுகொண்டன. கொடுத்த போன் சூடாகி, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிச் செத்தது. அதைவிடப் புதிதாக ஒரு முறை இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் எங்கள் ஆட்களின் போன் ஒன்றில்கூட அந்த வசதி இல்லை. இந்த முறைகளை எல்லாம் தானே கலந்து பார்த்துக்கொள்கிற ரெடிமேட் புரோகிராம் ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது. போடியில் பிரமாதமாக ஓடியது. மலையில் சில நேரம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று உள்ளே திறந்து பார்க்க வழியில்லை. மூடி வைத்த சட்டியோடு எனக்கு எப்போதும் சண்டைதான். தூக்கிப் போட்டேன்.

அப்புறம் ஒரு காலை, முந்தல் டீக்கடையில், அக்காவோடு நின்றிருந்தேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், மேலே போகிற லாரிக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, புலியூத்துல எம்மச்சான் நிப்பான். இல்லாட்டி கடையில ஆரு இருந்தாலும் சரி, சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி விடுங்க."

சொல்லி விடுங்க. எத்தனை ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை! சொல்லி அனுப்புகிறவர் கூடவே போவதில்லை. கொண்டு போகிறவருக்கு மச்சானைத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மச்சான் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் சொன்னால் போதும், அவர் சொல்லிவிடுவார். நானோ, இந்த முனைப் போனும் அந்த முனைப் போனும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பிடிக்க வேண்டும்? சேதி சும்மா ஒரு போனில் உட்கார்ந்து மலை ஏறட்டுமே! ஜீப்புகள்தான் நாள் பூராவும் ஏறி இறங்குகின்றனவே!

"யக்கா!" என்று கத்தியதில் டீ அவள் சேலையில் சிந்தியது.

"என்னடி, தேள் கடிச்சிருச்சா?"

"சொல்லி விடுறதுக்கா! போனு சொல்லி விடணும்!"

அவள் சேலையை உதறிக்கொண்டு டீக்கடை அண்ணனிடம், "ராத்திரியெல்லாம் தூங்குறதில்லண்ணே, அதான் இப்படி" என்று என்னை விளக்கிச் சொன்னாள்.

இந்த வேலைக்கு வைஃபையே வேண்டாம். புளூடூத்திலேயே சார்ஜ் குறைவாகத் தின்கிற ஒரு வகை இருக்கிறது. அதில் போன்கள் இணையாமலே, சம்மதம் கேட்காமலே, ஒரு போன் இரண்டு மூன்று சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் வருகிற போன் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, போகிற இடத்தில் தானும் கூவும். படம் போகாது, பாட்டுப் போகாது, நீளமாக எழுதவும் முடியாது. வேகம் ஆமை வேகம். அதனால் என்ன? எங்களுக்கு வேண்டியதே ஒரு வரிதான். வேகமான முறை, தூரமாகப் போகிற முறை என்று தேடித் தேடி ஓய்ந்தவள், கடைசியில் பட்டியலில் ஆகக் கீழே கிடந்ததை எடுத்துத் தூசி தட்டினேன். அதன் பிறகு நான் சோறு தின்ற ஞாபகமே இல்லை. எழுதுவதும் நிறுத்தி நிறுத்திச் சிரிப்பதுமாக இருந்தேன்.

ஆப்பில் பட்டன் வைக்கிறபோது ஒரு சண்டை. அக்கா "வந்துட்டேன்" என்று ஒரு பட்டன் வேண்டும் என்றாள். முடியவே முடியாது என்றேன். எங்கள் ஊரில் வந்துட்டேன் என்றால் இன்னும் குளிக்கப் போகவில்லை என்று அர்த்தம். மூத்த அம்மாவும் என் கட்சி: "ஆமாத்தா, வந்துட்டேன்னு சொன்னா நாங்களே நம்ப மாட்டோம்." கடைசியில் இரண்டே பட்டன். "ஏறுறேன்." "லேட்டாகும், ஸ்டோர்லயே இருங்க." சோதனைக்காக, சேதிக்கு அடியில் யார் போன் அதைக் கொண்டு வந்தது என்றும் காட்ட வைத்தேன். எங்கள் சேதியை யாராவது வாங்கிக்கொண்டால் எங்கள் திரையிலும் அவர் வண்டிப் பெயர் வரும்.

முந்தல் டீக்கடையில் வைத்து, மலை ஏறுகிற ஒவ்வொரு டிரைவரின் போனிலும் ஆப்பை ஏற்றினேன். சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் இந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடாமல், ஒவ்வொன்றாக செட்டிங்ஸில் நுழைந்து திருகி வைத்தேன். பச்சை ஜீப்பு அண்ணனும் வடையும் கையுமாக வந்து போனை நீட்டினார்.

"எனக்கும் ஏத்தி விடு ஆத்தா. உங்கக்கா எங்கெங்க நிக்குதுன்னு எனக்கும் தெரியணும்ல."

டீக்கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மேலே போகிற ஒரு போனையும் விட எனக்கு மனசில்லை. ஏற்றிக் கொடுத்தேன். இது உங்கள் சேதியை மட்டுமல்ல, அடுத்தவர் சேதியையும் கொண்டு போகும் என்று விளக்கமும் சொன்னேன். அவர் வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும் அக்கா, "திருடன் கையில சாவியக் குடுத்துட்டு வர்றா பாரு" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

இனி ஜாம் ஜாம் என்று ஓடும் என்று நினைத்தேன். காலையில் ஓடியது. சாயங்காலம் ஓடவில்லை! தினமும் இதே கூத்து. ஆட்களை இறக்கிவிட்டுக் கீழே வந்ததும் காலையிலேயே அனுப்பினால் பெண்களின் போனுக்குப் போய்ச் சேர்கிறது. மத்தியானத்துக்கு மேல் அனுப்பினால் ஸ்டோர் வரைக்கும் போய்க் கதவைத் தட்டித் தட்டித் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. மூட்டமா? ஈரமா? போன் தூங்குகிறதா? எழுதியதை அழித்து மறுபடி எழுதினேன். அத்தானிடம் எரிந்து விழுந்தேன். பூனையிடம்கூட எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு நாள் காலை வண்டியிலேயே ஏறிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஆளுக்கு ஒரு கை அள்ளி வைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூத்த அம்மா எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கழுவி, முந்தானையால் துடைத்து, பையிலிருந்த போனை எடுத்து அதற்குள் வைத்து, மூடியை அழுத்திக் கிளிப்பைப் போட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பக்கத்துப் பெண்ணும் அப்படியே. அதற்கு அடுத்தவளும் அப்படியே!

"என்னம்மா செய்றீங்க?"

"மழ வந்தா நனையாதுல்ல. காலையில சோறு இருக்கும், வைக்க முடியாது. இப்பக் காலியாத்தான கெடக்கு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவர்சில்வர் டப்பாவை இறுக்கி மூடினால் அலை எங்கே உள்ளே போகும்! ஊர் உலகத்துப் புத்தகங்களில் போன் வேலை செய்யாததற்கு ஆயிரம் காரணம் போட்டிருக்கும், சாப்பாட்டு டப்பா காலியாகிவிட்டது என்று எதிலாவது போட்டிருக்குமா? "நாங்க போன நனையாமக் காக்குறோம், இவ என்னமோ பல்லக் காட்டுறா" என்று மூத்த அம்மாவுக்குக் கோபம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு போனை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்டோர் வாசல் ஆணியில் மாட்டுவது என்று முடிவாயிற்று. ஜீப்பு ரோடு பலாமரத்துக்கு முன்னாலேயே ஸ்டோர் கூரைக்கு மேலாக ஒரு வளைவு திரும்பும். அங்கே எந்த வண்டியும் மெதுவாகத்தான் போக முடியும். அங்கிருந்து வாசல் ஆணிக்கு நடுவில் செடி இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே வேறு ஒரு ஜீப்பு கொண்டு போன "ஏறுறேன்" ஆணியில் வந்து டிங் என்றது. அந்தச் சத்தத்துக்காக அந்த மலையையே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழைநாள்தான் நான் சொல்ல வந்தது. வேடிக்கை பார்க்க நானும் சாயங்கால வண்டியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புலியூத்து தாண்டி ஒரு வளைவில் கிளட்ச் ஒயர் அறுந்தது. அக்கா வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த மாற்று ஒயரையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே புகுந்தாள். "நேரம் பிடிக்கும்டி. அனுப்பி விடு" என்றாள். "லேட்டாகும்" பட்டனை அமுக்கினேன். அங்கே டவர் கிடையாது. யாராவது கொண்டு போனால்தான் உண்டு.

ஒரு பஸ்சு போனது. அதில் நம் ஆப்பு இல்லை. ஒரு லாரி போனது. அதிலும் இல்லை. மற்ற ஜீப்புகள் எங்களுக்கு முன்னாலேயே ஏறிவிட்டன. இருட்டிக்கொண்டு வந்தது மழை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்கள் எடை முடித்து மரத்தடிக்கு ஏறிவிடுவார்கள். சூப்பர்வைசர் சொன்ன அந்தத் திவசம் இன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கீழேயிருந்து அக்காவின் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. பச்சை ஜீப்பு.

வேகத்தைக் குறைத்து, எங்கள் பக்கத்தில் வந்து, நிறுத்தியே விட்டார். "என்ன தங்கச்சி, படுத்திருச்சா?"

"கிளட்ச் ஒயருண்ணே."

"அடடா. ஆளுக நிப்பாகளே. சொல்லி விடணுமா?" அந்தக் குரலில் இருந்த இனிப்பை எறும்பு மொய்த்திருக்கும்.

"வேணாம்ணே. நீங்க வெரசாப் போங்க" என்றாள் அக்கா, வண்டிக்கு அடியிலிருந்தே.

போகச் சொல்கிறாளே! அவர் சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது. என் போன் கூவிக்கொண்டிருக்கிறது. அவர் போன் காதில் வாங்கச் சில நொடியாவது வேண்டும். சும்மா விர்ரென்று போயிருந்தால் அதுவும் நடந்திருக்காது. எங்களைக் குத்திக் காட்டத்தான் நிறுத்தினார், அந்த நிறுத்தம்தான் எனக்கு வேண்டும்!

"அண்ணே, வீட்டுல அண்ணி சுகமா? பிள்ளைக நல்லாப் படிக்குதுகளா?" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொண்ணு படிப்பைச் சொன்னார். பையன் படிக்காததைச் சொன்னார். நான் ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது! "வாங்கியது: பச்சை ஜீப்பு."

குதிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டிக்கு வெளியே நீட்டியிருந்த அக்காவின் கால் விரலைக் கிள்ளினேன். "சனியனே" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பச்சை ஜீப்பு கிளம்பிப் போனது.

ஒயரை மாட்டி நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஸ்டோருக்கு மேல் வளைவில், ரோட்டுக்குக் குறுக்கே பச்சை ஜீப்பு நின்றது. அந்த அண்ணன் ஒற்றைச் செருப்போடு மழையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"இதுக்கு மேல போகாத தங்கச்சி. பலாமரத்தடியில ஆனை நிக்குது."

அக்கா பிரேக்கை மிதித்தாள். "எங்க ஆளுக?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"எல்லாம் ஸ்டோர்ல பத்திரமா இருக்காக" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நடந்ததைப் பெண்கள் இறங்கி வருகிறபோது வண்டியில் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எடை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு வண்டிச் சத்தமும், ஆணியில் டிங்கென்று ஒரு சத்தமும் சேர்ந்து கேட்டிருக்கின்றன. சேதியைப் பார்த்துவிட்டு எல்லாரும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை ஜீப்பு அண்ணன் மேல் வளைவில் வண்டியை விட்டுவிட்டு, செருப்பு பிய்ந்து போக, சரிவில் விழுந்தடித்து ஓடி வந்தாராம். மரத்தடியில் நிற்கிற எங்கள் ஆட்களைத் தானே ஏற்றிக்கொண்டு போய் சூப்பர்வைசர் முன்னால் இறக்கலாம் என்று போனவர், அங்கே ஆட்களைக் காணாமல் ஆனையைத்தான் கண்டிருக்கிறார். வந்ததும் ஒவ்வொரு பெண்ணாக விரலை நீட்டி எண்ணினாராம். எண்ணி முடித்துத்தான் மூச்சு விட்டாராம்.

"அப்பறம் கேக்குறாரு ஆத்தா," என்றார் மூத்த அம்மா, "ரோட்டுக்கு வர வேணாம்னு ஆரு உங்களுக்குச் சொன்னதுன்னு. நான் போன எடுத்துப் பாத்தேன். பச்ச ஜீப்புன்னு போட்டிருந்துச்சு. நீங்கதானண்ணே சொல்லி விட்டீகன்னேன். மனுசன் அப்படியே திண்டுல உக்காந்துட்டாரு."

அதற்கு முன்னால், ஆட்கள் சரிவு வழியாக வளைவுக்கு வந்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் குடையோடு வந்தார். அக்காவைப் பார்த்து, "இனி ஒரு திவசம்" என்று ஆரம்பித்தார். அக்காவின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. "லேட்டானாலும் இதுபோல சொல்லி விடணும், கேட்டோ" என்று முடித்தார். அக்கா தலையை ஆட்டினாள். முதல் வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எழுதிய எந்த ஆப்பும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் முந்தல் டீக்கடையில் அக்கா போனை எடுத்து "ஏறுறேன்" பட்டனை அமுக்கிவிட்டு டீயைக் கையில் வாங்கினாள். பச்சை ஜீப்பு அண்ணன் புதுச் செருப்போடு வந்தார். பக்கத்தில் நின்று ஒரு வடையைத் தின்று முடித்தார். அப்புறம், இனிப்பு ஒன்றும் இல்லாத குரலில், "தங்கச்சி, மேல ஏதாச்சும் சொல்லி விடணுமா?" என்று கேட்டார்.

அக்கா தன் போனைப் பார்த்தாள். அதில் அவர் வண்டிப் பெயர் வந்திருந்தது.

"அதான் வாங்கிட்டீகளேண்ணே" என்றாள்.

அவர் சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.